தென்காட்டில் போட்டிருக்கு

ஆகஸ்ட் 9

வாசலில் ஒரு பெண் வந்து நின்று, "நான் டாக்டர் தெபோராள், உங்ககூடப் பேசணும்" என்றாள். முட்டி டாக்டர் என்று நினைத்து நொண்டிக் காட்டினேன். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆபரேஷன் செய்த முட்டிதான், ஆனாலும் வந்தவளுக்காகக் கொஞ்சம் கூடுதலாகவே நொண்டினேன். அவள் சிரித்துவிட்டாள்.

"அக்கா, நான் ஆஸ்பத்திரி டாக்டர் இல்ல. மழையப் பத்திப் படிச்ச டாக்டராக்கும்."

நாகர்கோவில் பக்கத்துப் பெண். எங்கள் ஒத்தவேம்புப்பட்டி மாதிரி, கிணறும் இல்லாமல் வாய்க்காலும் இல்லாமல் வானத்தை மட்டும் நம்பி விதைக்கிற மானாவாரி ஊர்களைக் கணினிக்குள் இறக்குகிறார்களாம். எங்கள் கரிசல் மண், பெய்த மழை, அடித்த வெயில் எல்லாவற்றையும் உள்ளே போட்டு, நடுவில் ஒரு விவசாயியையும் விட்டுவிடுவார்கள். அவன் விதைப்பான், அறுப்பான். அப்புறம் இனி வரப்போகிற முப்பது வருஷத்து வெயிலை அவன் தலையில் இறக்கிப் பார்ப்பார்கள்.

"அவனுக்குப் பொண்டாட்டி உண்டா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா."

"அப்போ நல்லாத்தான் விளையும்."

அவள் அதை எழுதிக்கொண்டாள். என் துணுக்குகளை வார இதழ்காரர்கள் இந்த வேகத்தில் எடுத்துக்கொண்டிருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன்.

ஆகஸ்ட் 14

ஆம்பளைகளிடம் தனியாக, பொம்பளைகளிடம் தனியாகக் கேட்பதுதான் அவர்கள் முறையாம். நல்ல முறை. போலீசிலும் அப்படித்தான் செய்வார்கள்.

கணினி விவசாயிக்குச் சட்டதிட்டம் நாங்கள்தான் சொல்லித்தர வேண்டும். எப்போது விதைப்பான்? முளைத்தது கருகினால் மறுபடி விதைப்பானா? எத்தனை வருஷம் பொய்த்தால் விவசாயத்தை விடுவான்? கடைசிக் கேள்விக்கு அடுத்த வீட்டு அழகுத்தாய் மதினி சட்டென்று, "விட்டுட்டான்னு யாரு சொல்லுவா? செத்தாலும் ஒத்துக்கிட மாட்டானுக" என்றாள்.

என் பங்குக்கு நானும் அளந்தேன். எங்கள் வீட்டுத் திருவாளர் (பெயரைச் சொல்லக் கூடாது, எழுதலாம்: சென்றாயன்) இந்த ஊரில் கைராசிக்காரர். புரட்டாசியில் மழைக்கு முன்னால், காய்ந்த புழுதியிலேயே விதைப்போம். மழை விழுந்துவிட்டால் கரிசலில் கால் வைக்க முடியாது, களி செருப்போடு ஆளையும் பிடித்துக்கொள்ளும். அந்தப் புழுதி விதைப்பின் முதல் கை விதையை அவரைக் கூப்பிட்டுத்தான் எல்லாரும் போடச்சொல்வார்கள். ஒரு புரட்டாசியில் அவர் பத்துப் பதினைந்து காடு சுற்றுவார். வீட்டுக்கு வந்து சேரும்போது மடி நிறைய வெற்றிலை பாக்கு இருக்கும்.

"இந்த வருஷமும் போவாரா?" என்று தெபோராள் கேட்டாள்.

மூன்று புரட்டாசிக்கு முன்னால் அவர் கைபோட்ட அத்தனை காடும் கருகிப்போனது. எங்களுடையதும்தான். அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை. இதை நான் தெபோராளிடம் சொல்லவில்லை. காபி ஆறுகிறது, குடி என்றேன்.

எங்கள் நிலமான தென்காட்டில் இப்போது என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு, அவர் எனக்குச் சொன்னதையே நானும் சொன்னேன். "போட்டிருக்கு."

ஆகஸ்ட் 20

துவைக்கப் போட்ட வேட்டிக்குள் ஒரு பழுப்பு நிற சாக்ஸ். ஒற்றை. வரப்பில் கிடந்தது என்கிறார். எங்கள் வரப்பில் சாக்ஸ் விளைகிறது.

ஆகஸ்ட் 27

சூரிய மின்சாரக் கம்பெனிக்கு நிலம் பிடித்துக்கொடுக்கிற ரத்தினகுமார் வந்தான். கம்பெனிக்காரர்கள் எங்கள் தென்காட்டின் வடக்கு வேலி வரைக்கும் கண்ணாடிப் பலகைகளை நிறுத்திவிட்டார்கள். இன்னும் தெற்கே வர வேண்டுமாம். முப்பது வருஷக் குத்தகை.

"அத்தை, ஒங்க பேர்லதான காடு இருக்கு? ஒரு கையெழுத்து. நீங்க ஏசி போட்டு ஒக்காந்து ஜோக் எழுதலாம்."

தென்காடு என் அப்பா எனக்குக் கொடுத்தது. வடகாட்டைப் போன மாசமே பங்காளிகள் பிரித்துக்கொண்டார்கள். எங்களுக்கு மிச்சம் இந்த ஒன்றுதான்.

"மாமாட்ட கேட்டியா?" என்றேன்.

ரத்தினகுமார் ஒரு மாதிரி சிரித்தான். "மாமாவுக்கு எல்லாந் தெரியும் அத்தை. மாமா நம்ம ஆளுல்லா."

திருவாளர் தென்னங்கீற்றைப் பின்னிக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை. நிமிராமல், "தை வரைக்கும் யோசிக்கட்டும்பா" என்றார். தன் பெண்டாட்டி யோசிக்கட்டும் என்று அவர் சொல்லி நான் கேட்டது கல்யாணமான நாளிலிருந்து இதுதான் முதல் தடவை. கொஞ்சம் பயமாக இருந்தது.

ஆகஸ்ட் 30

கம்புப் பானை அடி தெரிகிறது. போன மாசியில் 'நம்ம காட்டுக் கம்பு' என்று இறக்கினாரே ஒரு மூட்டை, அதில் ஒரு கல் இல்லை, ஒரு தூசி இல்லை, வாய் மிஷினில் தைத்திருந்தது. நம் காட்டுக் கம்புக்கு அவ்வளவு சுத்தபத்தம் கிடையாது. அப்போதே அழகுத்தாய் மதினி கேட்டாள். புதுசாகக் களம் வந்திருக்கிறது என்று சொல்லிச் சமாளித்தேன்.

செப்டம்பர் 3

தெபோராள் மடிக்கணினியோடு வந்தாள். முகம் வாடியிருந்தது. எதிர்காலத்துக்குப் போவதற்கு முன்னால், நடந்து முடிந்த வருஷங்களை முதலில் ஓட்டிப் பார்ப்பார்களாம். உண்மையில் எவ்வளவு விளைந்ததோ, கணினி விவசாயியும் கிட்டத்தட்ட அவ்வளவு அறுக்க வேண்டும். அறுத்தால்தான் அவனை நம்பலாம்.

"அறுக்கலியா?"

"பழைய வருஷமெல்லாம் ஒத்துப்போகுதுக்கா. இந்தக் கடைசி ரெண்டு வருஷந்தான் இடிக்குது. பெஞ்ச மழைக்கு எப்படியும் சுமாரா வெளஞ்சிருக்கணும். ஆனா ஒங்க ஊர்ல பாதிப் பேரு விதைச்சிருக்காங்க, அறுத்த கணக்கு ஒரு படி கூட இல்ல. ஒங்க தென்காடு உட்பட."

"பன்றி தின்னுருக்கும்."

"பன்றி தின்னாலும் பயிர் நின்ன பச்சை தெரியுமேக்கா. மேலருந்து எடுத்த படம் இருக்கு." காட்டினாள். எங்கள் ஊர் ஒரு சின்னக் கருப்புத் துணி மாதிரி இருந்தது. ஓடை தெரிந்தது, கோயில் தெரிந்தது. தென்காடு இருந்த இடத்தில், இரண்டு கார்த்திகையிலும், பச்சையே இல்லை.

"வானத்துலருந்து எடுத்தா அப்படித்தான் இருக்கும். என்னையுந்தான் தூரத்துலருந்து பாத்தா ஒல்லியா தெரிவேன்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. நல்ல பெண், மேலே எதுவும் கேட்கவும் இல்லை.

செப்டம்பர் 4

இட்லிக்கு அரைத்தேன். வெயில்.

செப்டம்பர் 6

வெளியூர் விசேஷம் என்று அழகுத்தாய் மதினியிடம் பொய் சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்தேன். ஓடைப் பாலத்தில் இறங்கி, ஊன்றுகம்போடு வண்டிப் பாதையில் நடந்தேன். முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு நான் தென்காட்டுக்கு வருவது இதுதான் முதல் தடவை. வழியில் உட்கார்ந்து உட்கார்ந்து போனதில் காக்கைகளுக்கு என் மேல் ஒரு நம்பிக்கையே வந்துவிட்டது.

காட்டில் உடைமர முள்கன்றுகள் இடுப்பு உயரத்துக்கு நிற்கின்றன. உழவு பட்டு இரண்டு வருஷம் இருக்கும். வெடிப்புக்குள் என் ஊன்றுகம்பு பாதி இறங்கியது.

வடக்கு வேலிக்கு அந்தப் பக்கம் பலகைகள் பளபளவென்று வரிசையாக நின்றன. வேலியோரம் தகரக் கொட்டகை, பிளாஸ்டிக் நாற்காலி. அதில் பழுப்புச் சட்டை, பழுப்புத் தொப்பி, காலில் பூட்ஸ் போட்ட ஒரு காவல்காரர். முகம் தெற்கே பார்த்து இருந்தது. அவருக்கு முன்னால் வேலி, வேலிக்கு முன்னால் எங்கள் காடு. காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் அவருக்குப் பார்ப்பதற்கு வேறு எதுவும் இல்லை.

மதியம் தூக்குவாளியைத் திறந்தார். நான் கட்டிக்கொடுத்த புளிசாதம்தான். நான் உடைமரத்துக்குப் பின்னால் நின்றிருந்தேன். என் உருவத்தை மறைக்கிற அளவுக்கு அந்தக் கன்று வளர்ந்திருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்துவிட்டேன்.

செப்டம்பர் 7

ரவா தோசை. தேங்காய்ச் சட்னி. அவர் "உப்பு கம்மி" என்றார். போட்டேன்.

செப்டம்பர் 10

அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தபோதுதான் அது உறைத்தது. அந்த மூட்டையையும் சாக்ஸையும் விட்டுவிட்டால், அவர் பொய்யே சொல்லவில்லை.

'உளுந்து போட்டிருக்கு' என்றால் விதைத்திருக்கிறது. 'சும்மா போட்டிருக்கு' என்றால் தரிசாகக் கிடக்கிறது. தென்காட்டில் என்ன என்று நான் எப்போது கேட்டாலும் அவர் "போட்டிருக்கு" என்பார். 'சும்மா' என்ற ஒரு சொல்லை மட்டும் விழுங்கிவிட்டுச் சொல்வார். நானும் கம்பு போட்டிருக்கு என்று எடுத்துக்கொள்வேன். என் தலையில் கல்லைப் போட்டிருக்கு என்று எடுத்துக்கொண்டிருந்தாலாவது பொருத்தமாக இருந்திருக்கும்.

கரண்டியோடு அழகுத்தாய் மதினி வீட்டுக்குப் போனேன். "மதினி, தெபோராள் கூடக் கணக்கெடுக்க வந்த பையங்க கேட்டப்போ ஒங்க வீட்டு அண்ணாச்சி ஓடைக்காட்டப் பத்தி என்ன சொன்னாரு?"

"போட்டிருக்குன்னாரு."

"என்ன போட்டிருக்கு?"

மதினி கதவைச் சாத்தினாள். "என்னத்தப் போட? ரெண்டு வருசமா சும்மாதான் கெடக்கு. டவுன்ல லாட்ஜுல கணக்கு எழுதுதாரு. வெளிய சொல்லிராதீக, குருவம்மா. ஆம்பளைக்கு அசிங்கம்."

இந்த ஊரிலேயே பெரிய வாய் எனக்கு இருப்பதாகப் பேர். எனக்கே தெரியாமல் ஊரே இப்படி ஒரு ரகசியத்தை மென்றுகொண்டிருந்திருக்கிறது.

தெபோராளுக்குப் போன் செய்தேன். மொழிப்பாடம் எடுப்பது மாதிரி இரண்டு போட்டிருக்குகளையும் விளக்கினேன்.

"நாங்க எல்லாத்தையும் விதைச்சதுன்னு எழுதிட்டோம்க்கா. எங்க விவசாயி இந்தக் காட்டுல வருஷா வருஷம் விதைச்சு, வருஷா வருஷம் தோத்துட்டு இருந்துருக்கான்."

"பாவம்" என்றேன். கணினி விவசாயியைத்தான் சொன்னேன் என்று நினைத்திருப்பாள்.

"யாரு வீடு எதுன்னு நான் வெளிய சொல்ல மாட்டேன்க்கா. தரிசுன்னு மட்டும் திருத்திக்கிடுதேன். ஆனா ஒண்ணு, அதுக்கு முந்தின வருஷம் மட்டும் உண்மையிலயே விதைச்சிருக்காங்கல்ல? கருகிப்போன வருஷம்?"

"ஆமா. அத மட்டும் நல்லா ஓட்டிப் பாரு தாயி. வீட்டுக்கு வந்து சொல்லு. ஞாயித்துக்கிழமை வா, அவரு இருப்பாரு."

செப்டம்பர் 21

தெபோராள் வந்தாள். கருவாட்டுக் குழம்பு வைத்தேன். சாப்பிட்ட பிறகு மடிக்கணினியைத் திறந்தாள். திருவாளர் எழுந்து போகப் பார்த்தார். "மழையப் பத்திச் சொல்லப் போறா, உக்காருங்க" என்றேன்.

அவள் ஒளிவு மறைவு இல்லாமல் சொன்னாள். திருத்திய பிறகும் ஊர் படத்தில் பச்சை ஆகிவிடவில்லை. முன்னால் பத்து வருஷத்தில் எட்டு வருஷம் கம்பு வீடு வந்து சேர்ந்த இடம் இது. இனி பத்தில் ஆறு வருஷம் வரலாம். வெயில் இதே வேகத்தில் கூடினால் ஐந்து. மொத்த மழை பெரிதாகக் குறையவில்லை. ஆனால் இரண்டு மூன்று நாளில் கொட்டித் தீர்த்துவிட்டு, பயிர் பூக்கிற நேரத்தில் வானம் கையை விரித்துவிடுகிறது. ராத்திரியும் சூடு தணிவதில்லை.

"இது சோசியம் இல்லண்ணே. இந்த வருஷம் என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது."

அவர் தலையாட்டினார். தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னொண்ணும் ஓட்டிப் பாத்தேன். மூணு வருஷத்துக்கு முன்னால, எல்லாம் கருகுச்சே, அந்த வருஷம். நீங்க விதைச்ச நாள்ல எங்க ஆள விதைக்க விட்டேன். ஒண்ணும் வரல. ஒரு நாள் முன்னால விட்டேன். ஒரு நாள் பின்னால விட்டேன். ஆவணிலருந்து ஐப்பசி வரைக்கும் ஒவ்வொரு நாளா மாத்தி மாத்தி விதைக்க விட்டேன். எந்த நாள்ல போட்டாலும் அந்த வருஷம் இந்த மண்ணுல கம்பு எந்திரிக்கல."

அவர் நிமிர்ந்தார். "எல்லா நாளும் பாத்தியா தாயி?"

"எல்லா நாளும்."

"வேற கை போட்டுருந்தா?"

தெபோராளுக்குப் புரியவில்லை. நான் சொன்னேன்: "இவரு இல்லாம வேற யாராவது முதல் கை போட்டுருந்தான்னு கேக்காரு."

அவள் மடிக்கணினியை மூடினாள். "கணினிக்குக் கை கெடையாதுண்ணே. விதை மண்ணுல விழுந்துச்சு, மழை வரல. அவ்வளவுதான்."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். வெகுநேரம் எடுக்கவில்லை. வியர்வையைத் துடைக்கிறார் என்றே நாங்கள் வைத்துக்கொண்டோம். முப்பது வருஷத்துக்குக் கெட்ட செய்தி சொல்ல வந்த பெண்ணை, போகும்போது பஸ் ஏற்றிவிட அவரே நடந்து போனார்.

திரும்பி வந்து உட்கார்ந்தார். "குருவு, தென்காடு சும்மா கெடக்கு. நான் கம்பெனியில காவலுக்கு இருக்கேன்."

"தெரியும். புளிசாதம் சாப்பிடும்போது தொப்பியக் கழத்துங்க. பாக்கச் சகிக்கல."

அதற்கு மேல் எனக்கு ஒரு துணுக்கும் வரவில்லை. அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் போய்ப் பாத்திரம் கழுவினேன்.

செப்டம்பர் 25

ரத்தினகுமார் மறுபடி வந்தான். இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசினான். "அத்தை, அந்த மழை டாக்டரே சொல்லிட்டாங்களாம்ல? இனிமே இங்க ஒண்ணும் வெளையாதாம்."

"ஒண்ணும்னு சொல்லலப்பா. பத்துக்கு ஆறுன்னு சொன்னா. நீ ஸ்கூல்ல வாங்குனதவிடக் கூட."

அவன் திருவாளர் பக்கம் திரும்பினான். "மாமா, நீங்களாவது சொல்லுங்க. கம்பெனி சூப்பர்வைசர் ஒங்க மேல நல்ல அபிப்ராயம் வச்சிருக்காரு."

அது மிரட்டல்தான். சர்க்கரை தடவியிருந்தான். திருவாளர் என்ன சொல்வாரோ என்று அவர் வாயையே பார்த்தேன். சம்பளம் வருகிறது, ரேஷன் அரிசி போக மிச்சமெல்லாம் அந்தச் சம்பளத்தில்தான் ஓடுகிறது. அவர் கையெழுத்துப் போடச் சொன்னால் போட்டுவிடுவது என்றுதான் இருந்தேன்.

"அவ காடு. அவட்ட கேளு" என்றார்.

கேட்டான். "இந்த வருசம் விதைக்கப் போறோம். தை கழிஞ்சு வா" என்றேன்.

அவன் போன பிறகு அவர் மெதுவாக, "நீ முட்டிக் கால வச்சிக்கிட்டு, நான் காவலுக்குப் போயிக்கிட்டு, யாரு விதைக்க?" என்றார்.

"நீங்க காவல் காக்குற சம்பளத்துல டிராக்டர் வாடகை. பத்துல நாலு வருசம் போனா போகட்டும், அந்த நாலுக்குக் கஞ்சி ஊத்த ஒங்க தொப்பி இருக்குல்ல."

செப்டம்பர் 29

உடைமரத்தை வேரோடு பிடுங்கி, உழுது, புழுதியில் கம்பு விதைத்தாயிற்று. முதல் கை விதையை என்னைப் போடச் சொன்னார். மாட்டேன் என்றேன். அவரும் மாட்டேன் என்றார். டிராக்டர் ஓட்டி வந்த தம்பி, "யாராவது ஒருத்தர் போடுங்க, எனக்கு அடுத்த காடு இருக்கு" என்று கத்தினான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வீசினோம். பாதி விதை என் சேலையில் விழுந்தது.

அக்டோபர் 17

மழை. நல்ல மழை. பிள்ளையார் கோயில் முன்னால் ஆம்பளைகள் நனைந்துகொண்டு நிற்கிறார்கள்.

அக்டோபர் 24

முளைத்துவிட்டது. காவல் கொட்டகையிலிருந்து போன் பண்ணிச் சொன்னார். குரலை அடக்கிக்கொண்டு, யாருக்கோ ரகசியம் சொல்வது மாதிரி சொன்னார்.

நவம்பர் 8

அவரைத் தூரத்துக் கம்பெனிக் காட்டுக்கு மாற்றிவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. இரண்டு பஸ் மாற வேண்டும். இனி நாற்காலியில் உட்கார்ந்தால் தென்காடு தெரியாது. இப்போது வாரத்தில் ஒரு நாள்தான் போய்ப் பார்க்கிறார். மற்ற நாளெல்லாம் அழகுத்தாய் மதினி தான் போகும்போது எட்டிப் பார்த்துச் சொல்கிறாள். அவர்கள் ஓடைக்காட்டிலும் இந்த வருஷம் உளுந்து.

நவம்பர் 26

மழை நின்றுவிட்டது. தெபோராளுக்குப் போன் செய்தேன். "வருமா?" என்றேன். "தெரியலக்கா" என்றாள். தெரியவில்லை என்று சொல்ல டாக்டர் பட்டம் எதற்கு என்று கேட்க வந்தேன், கேட்கவில்லை. அவள் குரலும் வறண்டுதான் இருந்தது.

டிசம்பர் 5

வெயில். ராத்திரியும் புழுக்கம்.

டிசம்பர் 13

இன்று அவருக்கு விடுப்பு. காலையில் போனவர் பத்து மணிக்கே திரும்பி வந்துவிட்டார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். குடித்துவிட்டு என் முகத்துக்கு நேரே பார்த்துச் சொன்னார்:

"கம்பு போச்சு, குருவு. பூத்த மட்டுல கருகிருச்சு. மேக்கு ஓரத்துல, பள்ளமா இருக்குற எடத்துல மட்டும் நிக்கு."

நான் கேட்கவே இல்லை. எதுவும் கேட்காமல் அவராக வந்து சொன்னார்.

டிசம்பர் 14

கருகியதை மாட்டுத் தீவனத்துக்காவது அறுத்துவிடலாம் என்று இரண்டு பேரும் போனோம். நான் குத்தவைக்க முடியாது, ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போனேன். காட்டுக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அறுக்கிற ஒரே பொம்பளை இந்த வட்டாரத்தில் நான்தான். ரத்தினகுமார் வண்டியை வரப்பில் நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தான். "தைக்கு வரட்டுமா அத்தை?" என்று கத்தினான். "வா, பொங்கல் சாப்பிட்டுட்டுப் போ" என்று கத்தினேன். "கையெழுத்து?" என்றான். "அது இந்த வருசம் இல்ல" என்றேன். போய்விட்டான். அடுத்த வருஷம் என்ன சொல்வேன் என்று எனக்குத் தெரியாது.

கம்பந்தட்டை காய்ந்து கையை அறுத்தது. ஸ்டூலை நகர்த்தி நகர்த்தி, வெயில் ஏறுவதற்குள் மேற்கு ஓரத்துக்கு வந்துவிட்டோம். அங்கே கம்பு என் தோள் உயரம் நின்றது. கதிர் பால் பிடித்திருந்தது. நான் அரிவாளை நீட்டினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இத விடு. இன்னும் நாள் இருக்கு."

விட்டேன்.